திறந்து மூடியது தவறா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 56. ஓராண்டாகவே வயிறு பெருத்து, சேலைக் கொசுவம் செருகினால் நிற்பதில்லை என்று சொல்லிவந்தார். ஸ்கேன் எடுத்ததில் வலது சினைப்பையில் பெரிய கட்டி என்றார்கள். சென்ற மாதம் எங்கள் பகுதியில் உள்ள ஒரு மருத்துவமனையில் மகளிர் நல மருத்துவர் அறுவை சிகிச்சையைத் தொடங்கினார். வயிறு முழுக்க ஜெல்லியாக இருக்கிறது என்று சொல்லி, சினைப்பைக் கட்டியை மட்டும் எடுத்துப் பயாப்ஸிக்கு அனுப்பிவிட்டு மூடிவிட்டார். ‘லோ கிரேடு, சூடோமிக்சோமா பெரிட்டோனி, குடல்வாலிலிருந்து வந்திருக்கலாம்’ என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. ஒரு மருத்துவர் அடுத்த வாரமே மறுபடி திறந்து முடிந்தவரை வழித்தெடுக்கலாம் என்கிறார். இன்னொருவர் ஆறு கீமோ போடச் சொல்கிறார். மூன்றாமவர் ‘ஹைபெக்’ செய்ய வேண்டும், பல லட்சம் ஆகும் என்கிறார். கத்தி வைத்ததால்தான் பரவியது என்று உறவினர்கள் அந்த மருத்துவரோடு சண்டைக்கு நிற்கிறார்கள். அம்மாவிடம் நீர்க்கட்டி என்று சொல்லிவைத்திருக்கிறோம். அப்பா இல்லை, நானும் தம்பியும்தான். இது புற்றுநோயா? யார் சொல்வதைக் கேட்பது? எங்களுக்கும் வருமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தேனி மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் வீட்டில் நடக்கும் சண்டையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது தீர்ந்தால்தான் மற்றவற்றை நிதானமாக முடிவு செய்ய முடியும். உங்கள் அம்மாவின் வயிற்றைத் திறந்த அந்த மகளிர் நல மருத்துவர், எதிர்பாராத ஒன்றைக் கண்டதும் கையை நிறுத்தி, தேவையான அளவு மட்டும் எடுத்து, பயாப்ஸிக்கு அனுப்பி, மூடியிருக்கிறார். இந்த நோயில் ஓர் அறுவை சிகிச்சை நிபுணர் செய்யக்கூடிய மிகச் சரியான காரியம் அதுதான். திறந்தாயிற்றே என்று கைக்கு எட்டியதையெல்லாம் வழித்தெடுத்திருந்தால், இன்று நான் உங்களுக்கு எழுதும் பதில் இவ்வளவு நம்பிக்கையோடு இருந்திருக்காது. அவருடைய அறுவை சிகிச்சைக் குறிப்பு உங்களுக்கு இன்னும் பலமுறை தேவைப்படும். ஆகவே உறவினர்களை அழைத்துக்கொண்டு போய் வாக்குவாதம் செய்யாமல், நல்லுறவோடு அவரைச் சென்று பாருங்கள்.

கத்தி வைத்ததால் பரவியதா என்றால், இல்லை. ஜெல்லி வயிறு முழுக்க இருந்ததைக் கண்டதால்தான் அவர் நிறுத்தினார். ஓராண்டாகச் சேலைக் கொசுவம் நிற்காமல் போனதற்கும் அதுவே காரணம்.

இந்த நோய் பெரும்பாலும் குடல்வாலில், அதாவது அப்பெண்டிக்ஸில், தொடங்குகிறது. அதன் உட்சுவரிலுள்ள சளி சுரக்கும் செல்கள் கட்டுப்பாடின்றிப் பெருகி, குழாயை அடைத்து, உள்ளே சளி நிரம்பி, ஒருநாள் குடல்வால் ஓசையின்றிக் கிழிகிறது. பலருக்கு வலிகூடத் தெரிவதில்லை. கிழிசல் வழியே வெளியேறிய சளியும் செல்களும் வயிற்றின் உட்சவ்வு முழுக்கப் படர்ந்து, அங்கேயும் சளியைச் சுரந்துகொண்டே இருக்கின்றன. நாளடைவில் வயிற்றுக்குள் ஆறிப்போன ஜவ்வரிசிக் கஞ்சியைப் போன்ற பொருள் லிட்டர் கணக்கில் சேர்கிறது. இதற்கு இப்போதைய பெயரை வெர்த் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1884இல் சூட்டினார். பத்து லட்சம் பேரில் ஆண்டுக்கு ஒருவர் முதல் மூன்று பேருக்கு வருவதாகக் கணக்கிடுகிறார்கள். ஒரு மாவட்டத்தில் பல ஆண்டுகள் அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவர் தன் வாழ்நாளில் ஓரிரு முறைதான் இதை நேரில் காண்பார் என்பதால், மூன்று மருத்துவர்கள் மூன்று விதமாகச் சொன்னதில் எனக்கு வியப்பில்லை.

இந்தச் சளி வயிற்றுக்குள் கண்டபடி பரவுவதில்லை. வயிற்றுக்குள் இயல்பாக ஓடும் சிறிதளவு நீரின் போக்கிலேயே அதுவும் போகிறது. அந்த நீர் உறிஞ்சப்படும் இடங்களான கல்லீரலுக்கு மேலுள்ள உதரவிதானத்தின் அடிப்பரப்பிலும், குடல்களுக்கு முன்னால் தொங்கும் கொழுப்புத் திரையிலும், தாழ்வான இடமான இடுப்புக்குழியிலும் சேர்கிறது. சிறுகுடல் ஓயாமல் அசைந்துகொண்டிருப்பதால் நீண்ட காலம் அதன்மேல் ஒட்டுவதில்லை. பெண்களுக்குச் சினைப்பையில் ஒட்டி அங்கே பெருத்துவிடுவதால், சினைப்பைக் கட்டி என்றே முதலில் தோன்றுகிறது. ஆண்களுக்குப் பலமுறை குடலிறக்க அறுவை சிகிச்சையின்போதுதான் இது வெளிப்படுகிறது. உங்கள் அம்மாவின் கட்டியைச் சினைப்பைக் கட்டி என்று நினைத்ததில் யாருடைய கவனக்குறைவும் இல்லை.

இது புற்றுநோயா என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் சொன்னால் அது பாதி உண்மையாகவே இருக்கும். லோ கிரேடு, அதாவது மெதுவாக வளரும் வகைச் செல்கள், இரத்தம் வழியாகக் கல்லீரலுக்குள்ளோ நுரையீரலுக்குள்ளோ போவது மிக அரிது. உறுப்புகளைத் துளைத்து அழிப்பதைவிட அவற்றின் மேல் படர்ந்து அழுத்துவதே இவற்றின் இயல்பு. ஆனால் தானாக நின்றுவிடும் நோயும் இல்லை. விட்டுவைத்தால் மாதங்கள், ஆண்டுகள் என்ற கணக்கில் வளர்ந்து, கடைசியில் குடலை நெரித்து உணவு இறங்காமல் செய்துவிடும். ஆகவே புற்றுநோய் அறுவை சிகிச்சைத் துறையினர்தான் இதைக் கையாள வேண்டும். ஹை கிரேடு என்றோ, ‘சிக்னெட் ரிங்’ எனப்படும் தீவிர வகைச் செல்கள் உண்டு என்றோ வந்திருந்தால் போக்கு வேறு, அவசரமும் வேறு. அதனால்தான் பயாப்ஸி ஸ்லைடுகளை இந்த நோயை அடிக்கடி பார்க்கும் ஒரு நோய்க்குறியியல் நிபுணர் மறுபடி பார்க்க வேண்டும் என்பதை முதல் வேலையாகச் சொல்கிறேன். ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. மெழுகில் பதித்து வைத்திருக்கும் திசுக்கட்டிகளையும் கண்ணாடி ஸ்லைடுகளையும் எழுதிக் கேட்டு வாங்குங்கள். ‘பிளாக், ஸ்லைடு’ என்று கேட்டால் ஆய்வகத்தில் உடனே புரியும். மருத்துவ ஆவணங்களை நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கழக ஒழுங்குமுறை விதி.

இனி மூன்று ஆலோசனைகளுக்கு வருவோம்.

அடுத்த வாரமே மறுபடி திறந்து முடிந்தவரை வழித்தெடுக்கலாம் என்பதை, கேட்பதற்கு எவ்வளவு நியாயமாகத் தோன்றினாலும், ஏற்காதீர்கள். வழவழப்பாக இருக்கும் வயிற்று உட்சவ்வைக் கீறி, பிரித்து, ரணமாக்கிய இடங்களில்தான் இந்தச் செல்கள் மிக எளிதாக ஒட்டி வேரூன்றுகின்றன. அரைகுறையாக எடுத்துவிட்டு மூடினால், எஞ்சிய செல்கள் தழும்புகளுக்குள்ளும், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட சிறுகுடல் மடிப்புகளுக்கு இடையிலும் புதைந்துவிடும். அடுத்தமுறை அவற்றை எடுக்க வேண்டுமானால் குடலையே நீளமாக வெட்டியாக வேண்டிய நிலை வரலாம். முழுமையாக எடுக்கும் வாய்ப்பு, முதன்முறை முறையாகச் செய்யும்போதுதான் அதிகம். ஊசி குத்தி நீர் இறக்கலாம் என்று யாராவது சொன்னால், இது நீர் அல்ல என்றும் கெட்டியான சளி ஊசி வழியே வராது என்றும் சொல்லிவிடுங்கள்.

ஆறு கீமோ என்ற ஆலோசனை சினைப்பைப் புற்றுநோயை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டது போலத் தெரிகிறது. நரம்பு வழியே ஏற்றும் மருந்து இரத்தம் போகும் இடங்களுக்கே போகும். இந்தச் சளிக்குள் இரத்த ஓட்டம் இல்லை. கீமோ மருந்துகள் வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்குபவை. லோ கிரேடு செல்களோ மெதுவாகப் பெருகுபவை. அறுவை சிகிச்சைக்கு ஏற்ற நிலையிலுள்ள லோ கிரேடு நோயாளிக்கு முதலில் கீமோ கொடுத்து உடலை நலிவாக்குவதால் பயன் இருப்பதாக நான் கருதவில்லை. ஹை கிரேடு என்று மறுபரிசீலனையில் வந்தால் மட்டும் இந்தப் பேச்சு மாறும்.

மூன்றாமவர் சொன்ன திசைதான் சரி. ஆனால் ஹைபெக், அதாவது வயிற்றுக்குள் சூடான கீமோ மருந்தைச் சுழலவிடும் முறை, என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு மருத்துவமனையைத் தேடாதீர்கள். இப்போது விளம்பரப் பலகைகளில்கூட அந்தச் சொல்லைப் பார்க்கிறேன். சிகிச்சையின் உயிர்நாடி அதற்கு முன்னால் நடக்கும் அறுவை சிகிச்சையில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் நோய் முழுவதையும், அது படர்ந்துள்ள உட்சவ்வோடு சேர்த்து உரித்தெடுப்பதே அது. வாஷிங்டனைச் சேர்ந்த பால் சுகர்பேக்கர் இந்த உரித்தெடுக்கும் முறைகளை ஒழுங்குபடுத்தி 1995இல் விரிவாக எழுதினார். அதற்குமுன், வயிறு பெருக்கும்போதெல்லாம் திறந்து வழித்தெடுப்பதுதான் எங்கும் வழக்கமாக இருந்தது.

அறுவை சிகிச்சை எட்டு மணி முதல் பன்னிரண்டு மணி நேரம்வரை ஆகலாம். கொழுப்புத் திரை, குடல்வால், தேவைப்பட்டால் வலப்புறப் பெருங்குடல், உதரவிதானத்தின் அடியிலுள்ள சவ்வு, பித்தப்பை, சில சமயம் மண்ணீரல், கருப்பை, மீதமுள்ள சினைப்பை ஆகியவற்றில் நோய் எங்கெங்கு ஒட்டியிருக்கிறதோ அவையெல்லாம் எடுக்கப்படும். நிபுணர் முதலில் வயிற்றைப் பதின்மூன்று பகுதிகளாகப் பிரித்துப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் நோயின் பருமனுக்கு ஏற்ப 0 முதல் 3 வரை மதிப்பெண் இடுவார், மொத்தம் 39. முடிவில் எவ்வளவு எஞ்சியது என்பதற்கு இன்னொரு மதிப்பெண் உண்டு. அதில் ‘சி.சி. 0’ என்றால் கண்ணுக்குத் தெரிய எதுவும் இல்லை; ‘சி.சி. 1’ என்றால் எஞ்சியவை இரண்டரை மில்லிமீட்டருக்குள். டிஸ்சார்ஜ் குறிப்பில் இந்த இரண்டு எண்களும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பின்னாளில் எந்த மருத்துவர் பார்த்தாலும் முதலில் இவற்றைத்தான் தேடுவார்.

எடுத்து முடித்த பிறகு, மைட்டோமைசின் போன்ற மருந்தைச் சுமார் 42 டிகிரி செல்சியஸ் சூட்டில் வயிற்றுக்குள் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் சுழலவிடுவதே ஹைபெக். அந்த மருந்து திசுவுக்குள் சில மில்லிமீட்டர் ஆழம்தான் ஊடுருவும். கட்டிகளை விட்டுவைத்துவிட்டு சூட்டு மருந்தை ஊற்றிப் பயனில்லை என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டியதில்லை.

பலன் எப்படி என்று கேட்பீர்கள். உலகெங்கும் 16 சிறப்பு மையங்களில் இந்த முறையில் சிகிச்சை பெற்ற 2,298 பேரின் விவரங்களைத் தொகுத்து 2012இல் வெளியான ஆய்வில், பத்தாண்டுக்குப் பிறகும் உயிரோடிருந்தவர்கள் 63 விழுக்காடு. பதினைந்தாண்டுக்குப் பிறகு 59 விழுக்காடு. வயிற்று உட்சவ்வில் பரவிய ஒரு நோய்க்கு இவை அரிதான எண்கள். அதே ஆய்வில் சிகிச்சை தொடர்பாக இறந்தவர்கள் 2 விழுக்காடு. ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குப் பெரிய சிக்கல்கள் வந்தன. இவை அனுபவம் மிக்க மையங்களின் எண்கள் என்பதையும், சிகிச்சைக்கு ஏற்றவர்கள் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் எண்கள் என்பதையும் மறக்கக் கூடாது. உங்கள் அம்மாவின் ஸ்கேனை நான் பார்க்கவில்லை. சிறுகுடலும் அதன் வேர்ப்பகுதியும் எந்த அளவுக்குத் தப்பியிருக்கின்றன என்பதைப் பார்த்த பிறகே அவருக்கு இது பொருந்துமா என்று ஒருவர் சொல்ல முடியும்.

எங்கே போவது? 1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம், வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர், உங்களுக்குத் தொலைவில்லாத திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம், மும்பை டாடா நினைவு மருத்துவமனை ஆகியவற்றில் புற்றுநோய் அறுவை சிகிச்சைத் துறைகள் உள்ளன. பெயரை மட்டும் பார்த்து முடிவெடுக்காமல், எங்கே போனாலும் சிலவற்றை நேராகக் கேளுங்கள். இந்த நோய்க்கான இந்த அறுவை சிகிச்சையை ஆண்டுக்கு எத்தனை முறை செய்கிறீர்கள்? பயாப்ஸியை உங்கள் நிபுணர் மறுபடி பார்ப்பாரா? பல துறையினர் கூடிப் பேசும் குழுவில் அம்மாவின் கேஸ் வைக்கப்படுமா? திறந்த பிறகு முழுமையாக எடுக்க முடியாது என்று தெரிந்தால் என்ன செய்வீர்கள்? கடைசிக் கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொல்லும் மருத்துவரை நான் நம்புவேன். கேள்வி கேட்டாலே முகம் சுளிக்கும் இடத்தில் பன்னிரண்டு மணி நேர அறுவை சிகிச்சைக்கு அம்மாவை ஒப்படைக்க வேண்டாம்.

செலவைப் பற்றி ஒன்று. நிலத்தையோ நகையையோ விற்பதற்கு முன், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு உரியது. ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். எந்த மருத்துவமனையில், இந்தச் சிகிச்சையின் எந்தப் பகுதிக்கு அனுமதி கிடைக்கும் என்பதை அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் சேர்க்கைக்கு முன்பே கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். சேர்ந்த பிறகு ஓடுவது வீண் அலைச்சல். பிரதமரின் தேசிய நிவாரண நிதிக்கும் மருத்துவமனையின் செலவு மதிப்பீட்டுச் சான்றோடு விண்ணப்பிக்கலாம். சிகிச்சைக்காகப் பயணம் செய்யும் புற்றுநோயாளிக்கு ரயில் கட்டணச் சலுகை உண்டு, உடன் செல்லும் ஒருவருக்கும் உண்டு. அதற்கான படிவத்தில் மருத்துவமனையில் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.

லோ கிரேடு என்பது உறுதியானால், சில வாரங்கள் தள்ளிப்போவதால் பொதுவாக வாய்ப்பு கைநழுவிப் போவதில்லை. அந்த வாரங்கள் அம்மாவின் உடலைத் தேற்றுவதற்குத் தேவையான வாரங்கள். வயிறு அழுத்தப்படுவதால் அவரால் ஒருவேளைச் சோறு முழுதாகச் சாப்பிட முடியாமல் இருக்கலாம். சிறிது சிறிதாக ஐந்தாறு வேளை கொடுங்கள், ஒவ்வொரு வேளையிலும் முட்டை, பருப்பு, தயிர், மீன், சுண்டல் என்று புரதம் ஏதாவது இருக்கட்டும். இரத்தசோகை இருந்தால் இப்போதே சரிசெய்ய வேண்டும். சர்க்கரை இருந்தால் கட்டுக்குள் வர வேண்டும். பெருங்குடலில் வேறு கட்டி இல்லை என்று உறுதி செய்ய கொலனோஸ்கோப்பி பார்க்கச் சொல்வார்கள். மண்ணீரலை எடுக்க நேரலாம் என்பதால், நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹிப் ஆகிய கிருமிகளுக்கு எதிரான தடுப்பூசிகளைக் குறைந்தது இரண்டு வாரம் முன்னதாகப் போட வேண்டும். இதை அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாள் நினைவுபடுத்தி என்ன பயன்? யாராவது பஸ்பம், செந்தூரம் என்று வாங்கிக் கொடுத்திருந்தால் அதை மறைக்காமல் மருத்துவரிடம் காட்டி நிறுத்திவிடுங்கள். உலோகம் கலந்தவை சிறுநீரகத்தைக் கெடுக்கலாம், இந்த அறுவை சிகிச்சையில் சிறுநீரகம் நன்றாக இருந்தாக வேண்டும்.

மூன்று பந்துகள் உள்ள ஒரு சிறு பிளாஸ்டிக் கருவியை வாங்கிப் பழகச் சொல்வார்கள். நம் ஊரில் பலர் அதை ஊதுகிறார்கள். அது ஊதுவதற்கல்ல, வாயை நன்றாகப் பொருத்தி, மூச்சை மெதுவாக உள்ளே இழுத்து, பந்துகளை மேலே நிறுத்திப் பிடிக்க வேண்டும். உதரவிதானத்தின் அடியில் கைவைக்கும் அறுவை சிகிச்சைக்குப் பிறகு நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிச் சளி கட்டாமல் இருக்க இந்தப் பழக்கம் கைகொடுக்கும்.

இப்போது நீங்கள் தயங்கித் தயங்கி எழுதியிருந்த விஷயம். அம்மாவிடம் நீர்க்கட்டி என்று சொல்லியிருக்கிறீர்கள். அன்பினால்தான் சொல்லியிருக்கிறீர்கள் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் கருப்பையும், குடலில் ஒரு பகுதியும், ஒருவேளை மண்ணீரலும் இழந்து, வயிற்றின் பக்கத்தில் மலப் பை பொருத்தப்பட்ட நிலையில் அவர் ஐ.சி.யூ.வில் கண்விழிக்கலாம். நீர்க்கட்டிக்கு இவ்வளவா என்று அவர் கேட்டால் உங்களிடம் பதில் இருக்காது. அதன் பிறகு நீங்கள் சொல்லும் எதையும் அவர் நம்ப மாட்டார். எழுந்து நடங்கள், கருவியை இழுங்கள் என்று சொல்வதைக்கூட. சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. சமீரா கோலி வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம், தானே முடிவெடுக்கும் திறனுள்ள, வயது வந்த நோயாளிக்குப் பதிலாக அவருடைய தாய் கொடுத்த சம்மதம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. அதுவும் கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்த வழக்குதான். தாய்க்குப் பதிலாக மகள் கொடுக்கும் சம்மதத்துக்கும் அதே நிலைதான். கையெழுத்து உங்கள் அம்மாவினுடையதாக இருக்க வேண்டும், தெரிந்து போட்ட கையெழுத்தாக இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டத் தேவையில்லை. வீட்டில் கூட்டம் இல்லாத நேரத்தில், நீங்களும் தம்பியும் மட்டும் இருக்கும்போது, “அம்மா, அது வெறும் நீர்க்கட்டி இல்லையாம். குடல்வால்ல ஆரம்பிச்சு வயித்துக்குள்ள பரவியிருக்காம். மெதுவா வளர்ற வகைதான், ஆனா பெரிய ஆபரேஷன் வேணும்னு சொல்றாங்க. உனக்கு இதப்பத்தி என்னென்ன தெரிஞ்சுக்கணும்?” என்று கேட்டுவிட்டு நிறுத்துங்கள். அவர் கேட்கும் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். “எனக்கு ஒண்ணும் சொல்ல வேணாம், நீங்க பாத்துக்குங்க” என்று அவர் சொன்னால், அது அவருடைய முடிவு. அதை மருத்துவரிடமும் அவர் வாயாலேயே சொல்லவையுங்கள். பெரும்பாலான நோயாளிகள் ஃபைலைக் கையில் வாங்காமலேயே, உறவினர் முகத்தைப் பார்த்தே பாதி தெரிந்துகொண்டிருப்பார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவைக்கிறேன்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு மருத்துவமனையில் இரண்டு மூன்று வாரங்கள் தங்க நேரிடும். முதல் நாட்கள் ஐ.சி.யூ.வில் கழியும். முதுகுத்தண்டின் அருகே செருகிய மெல்லிய குழாய் வழியாக வலி மருந்து போய்க்கொண்டிருக்கும். மூக்கு வழியே இரைப்பைக்கு ஒரு குழாய், சிறுநீர்க் குழாய், வயிற்றிலிருந்து வடிகுழாய்கள் என்று இருப்பதைப் பார்த்துத் தம்பி பயந்துவிடாமல் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இந்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு இரைப்பை தன் வேலையைத் தொடங்கப் பல நாட்கள் எடுத்துக்கொள்வது சாதாரணம். அதுவரை நரம்பு வழியாக ஊட்டம் போகும். “காத்துப் பிரிஞ்சுதா?” என்று காலை ரவுண்ட்ஸில் ஒவ்வொரு நாளும் மருத்துவர் கேட்பார். அந்தக் கேள்விக்கு ஆம் என்ற பதில் வரும்வரை, பட்டினி போடுகிறார்களே என்று இரக்கப்பட்டு ஹார்லிக்ஸோடு வரும் உறவினர்களை வாசலிலேயே நிறுத்துவது உங்கள் பொறுப்பு.

ஸ்டோமா, அதாவது மலம் பைக்குள் வெளியேற வயிற்றில் அமைக்கும் திறப்பு, வைத்திருந்தால், பெரும்பாலும் அது தற்காலிகமானதுதான். எப்போது திரும்ப மூடலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பையைத் தாங்கும் தட்டின் துளையை ஸ்டோமாவைவிட ஓரிரு மில்லிமீட்டர் மட்டும் பெரிதாக வெட்ட வேண்டும். பெரிதாக வெட்டினால் கசியும் கழிவு தோலை அரித்துவிடும். மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்துவிட வேண்டும், நிறையவிட்டால் கனம் தாங்காமல் தட்டு பிரிந்துவிடும். சிறுகுடலில் வைத்த ஸ்டோமா என்றால் நீராகவே போகும் என்பதால், வெறும் தண்ணீரை மட்டும் குடிக்கக் கொடுக்காமல் உப்பிட்ட மோர், கஞ்சி, ஓ.ஆர்.எஸ். ஆகியவற்றைக் கொடுங்கள். வார்டு செவிலியர் மாற்றும்போது பக்கத்தில் நின்று பார்ப்பது மட்டும் போதாது. வீட்டுக்குக் கிளம்பும் முன் உங்கள் கையால் இரண்டு முறையாவது மாற்றிப் பழகுங்கள். கால் நரம்பில் இரத்தம் உறையாமலிருக்க வீட்டிலும் சில வாரங்கள் தோலடி ஊசி தொடர வேண்டியிருக்கலாம், அதையும் கற்றுக்கொள்ளலாம். வலிக்கு மார்பின் எழுதிக் கொடுத்தால் பழக்கமாகிவிடும் என்று பயந்து மாத்திரையை ஒளித்துவைக்காதீர்கள். சொன்ன அளவில், சொன்ன நேரத்தில், மலச்சிக்கலுக்கான மருந்தோடு சேர்த்துக் கொடுத்தால் போதும்.

ஒருவேளை நிபுணர் குழு முழுமையாக எடுக்க முடியாது என்று சொன்னாலும், அதோடு சிகிச்சை முடிந்துவிடுவதில்லை. அழுத்தம் தரும் பெரும்பகுதியை மட்டும் எடுத்து, குடல் அடைபடாமல் வழிசெய்து, நல்ல முறையில் பல ஆண்டுகள் வாழ்ந்தவர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட முடிவையும் இந்த நோயை அறிந்த குழுதான் எடுக்க வேண்டும். வலி நிவாரணப் பிரிவு மருத்துவரை எந்த நிலையிலும், முதல் நாளிலிருந்தேகூடப் பார்க்கலாம்; கைவிட்டவர்களுக்கான பிரிவு என்று அதை நினைப்பது தவறு.

உங்களுக்கும் தம்பிக்கும் வருமா என்றால், இது பொதுவாகப் பரம்பரையாக வரும் நோய் அல்ல. உங்கள் குடல்வாலை எடுத்துவிட வேண்டும், ஆண்டுதோறும் ஸ்கேன் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் தேவையில்லை. தொடர்ந்து பரிசோதனை தேவைப்படுவது உங்கள் அம்மாவுக்குத்தான், சி.டி. ஸ்கேனும், சி.இ.ஏ., சி.ஏ. 19-9, சி.ஏ. 125 ஆகிய இரத்தப் பரிசோதனைகளும் பத்தாண்டு வரையிலும் அதற்கு மேலும் தொடர வேண்டியிருக்கலாம், ஏனெனில் இது மெதுவாகத் திரும்பி வரக்கூடிய நோய்.

காத்திருக்கும் இந்த வாரங்களிலோ, அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய பிறகோ, தொடர்ந்து வாந்தி எடுத்தாலும், மலமும் காற்றும் பிரியாமல் வயிறு முறுக்கி வலித்தாலும், மூச்சு வாங்கினாலும், ஒரு கால் மட்டும் வீங்கினாலும் அப்பாயின்ட்மென்ட் தேதிக்காகக் காத்திருக்கக் கூடாது. மண்ணீரல் எடுக்கப்பட்டிருந்தால், 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல் வந்தாலும் அப்படித்தான். பாராசிட்டமால் கொடுத்து விடியட்டும் என்று விட்டுவிடக் கூடாது. அருகிலுள்ள அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்கே போங்கள். 108 வண்டியில் ஏறும்போது சி.டி. ஸ்கேன் படங்கள், பயாப்ஸி ரிப்போர்ட், முதல் அறுவை சிகிச்சைக் குறிப்பு ஆகிய மூன்றின் நகலும் கையில் இருக்கட்டும். பணியிலிருக்கும் மருத்துவரிடம் நோயின் முழுப் பெயரைச் சொல்லி, உயிருக்கு ஆபத்தான நிலை இல்லாதவரை வயிற்றைத் திறப்பதற்கு முன் உங்கள் சிகிச்சைக் குழுவோடு தொலைபேசியில் பேசும்படி கேட்டுக்கொள்ளுங்கள்.